பொம்மையில தப்பில்ல சார்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஹெச்.எம். அம்மா டி.இ.ஓ. ஆபீஸ் மீட்டிங் போயிருக்காங்க, வர்றதுக்குப் பன்னெண்டு மணியாயிடும். என்ன, யூனிவர்சிட்டி லெட்டரா? கம்ப்யூட்டர் கிளாஸா? போன வருசம் வந்தாங்களே, அதே கும்பலா நீங்களும்?

சரிதான்.

நான் இங்க பி.டி. வாத்தியார். சவரிமுத்து. இருவத்திமூணு வருச சர்வீஸ். கம்ப்யூட்டர் லேப் சாவியும் என்கிட்டதான். ஏன்னு கேப்பீங்க. ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் பக்கத்து ரூம் லேப். பந்து சாவி யாருகிட்ட இருக்கோ அவருகிட்டயே இதையும் குடுத்துடுங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க. பத்து கம்ப்யூட்டர் தம்பி. நாலு வருசம் என் பொறுப்புல இருந்துச்சு. ஒரு வயர் அறுந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க, ஒரு எலி கடிச்சுச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. பத்துக்கும் உறை தச்சுப் போட்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து, வெளியிலேருந்தே பாத்துட்டுப் பூட்டிடுவேன். உள்ள ஒருத்தரை விட்டதில்ல.

உங்க ஆளுங்க வந்தாங்க. மொத நாளே பத்துல நாலு போச்சு! சுவிட்சைப் போட்டா உயிரே வரல. ஒன்னைக் கழட்டிப் பாத்தா உள்ள பல்லி முட்டை வச்சிருக்கு. நான் வச்சிருந்தவரைக்கும் ஒன்னுக்கும் ஒன்னும் ஆகல, இவங்க கைய வச்சாங்க, ஆச்சு. நான் குறை சொல்லல. நடந்ததைச் சொல்றேன். நீங்களும் இங்க எட்டு சனிக்கிழமை வரப்போறீங்க, தெரிஞ்சுக்கிட்டு வர்றது நல்லதுதான?

அஞ்சு பேரு வந்தாங்க. அதுல நஸ்ரின்னு ஒரு பொண்ணு, அதுதான் தலைவி. ஆளு சின்னது, குரல் பெருசு. எனக்குப் புடிச்சுது. பி.டி. டிரெயினிங் போயிருந்தா எங்கயோ போயிருக்கும். எட்டாம் வகுப்புப் புள்ளைங்க முப்பத்தெட்டு பேரை உக்கார வச்சு ஆரம்பிக்கலாம்னு பாத்தா, கரண்டு போயிடுச்சு. ஆடி மாசக் காத்து, எங்கயோ மரம் விழுந்துடுச்சாம். நான் நெனச்சேன், சரி, பாய் சுருட்டிக்கிட்டுக் கெளம்புவாங்கன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "பரவால்ல சார், கிரவுண்டுக்குப் போலாம். கம்ப்யூட்டர் இல்லாமயே சொல்லித் தர்றோம்"ங்குது.

கம்ப்யூட்டர் இல்லாம கம்ப்யூட்டர் கிளாஸ்! பந்து இல்லாம வாலிபால் ஆடுன மாதிரி. சரி, பாப்போம்னு பின்னாடியே போனேன்.

புள்ளைங்ககிட்ட சொல்லுது: "கம்ப்யூட்டருக்குன்னு சொந்தமா யோசனை கிடையாது. சொன்னா செய்யும். சொன்னதை மட்டும்தான் செய்யும். சொல்லாததைச் செய்யவே செய்யாது. இப்ப நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்ல. யாராவது ஒருத்தர் கம்ப்யூட்டரா இருக்கணும். யாரு இருக்கீங்க?"

முப்பத்தெட்டு புள்ளைங்களும் திரும்பி என்னைப் பாத்துச்சு தம்பி. முப்பத்தெட்டும். அவ்வளவு மரியாதை எம்மேல.

"சார், நீங்க இருந்தா நல்லாருக்கும். திரும்புறது, நடக்குறதெல்லாம் உங்களுக்குத்தான் சுத்தமா வரும்"னு அந்தப் பொண்ணு கேக்குது. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

யோசிச்சுப் பாருங்க. இருவத்திமூணு வருசமா அட்டென்ஷன்னு சொன்னவன் நான். ரைட் டர்ன், லெஃப்ட் டர்ன், அபவுட் டர்ன், எல்லாம் என் வாயிலேருந்து போகும், புள்ளைங்க திரும்பும். அன்னிக்கு அதுங்க சொல்லுது, நான் திரும்புறேன். கொடிக்கம்பத்துக்கிட்டேருந்து குழாய் வரைக்கும் போயி, பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டுத் திரும்பி வரணும். அதுக்கு ஆர்டரை அதுங்க பேப்பர்ல எழுதணும்.

மொத குரூப்பு, "நேரா நட"ன்னு எழுதியிருந்துச்சு. நடந்தேன். எத்தனை அடின்னு போடல, நில்லுன்னும் போடல. காம்பவுண்டு சுவர் வந்துருச்சு. நான் நிக்கலியே! ஒரு வேலையை எடுத்தா ஒழுங்காச் செய்யணும். சுவத்துல மூக்கு இடிச்சும், இருந்த இடத்துலயே காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருந்தேன். புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. அந்தப் பூவரசன்னு ஒரு நெட்டைப் பையன், உங்க யூனிவர்சிட்டிதான், அவன் மண்ணுல உக்காந்தே சிரிக்கிறான். ரெண்டாவது குரூப்பு குழாய் வரைக்கும் கொண்டு போச்சு. பாட்டில் மூடியைத் திறன்னு எழுதல. மூடி மேலயே தண்ணி ஊத்திச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. அவமானம்தான் தம்பி. நான் குறை சொல்லல. ஆனா வீட்டுக்குப் போயும் கண்ணாடி முன்னாடி கொஞ்சம் நடந்து பாத்தேன், அடுத்த வாரம் இன்னும் சுத்தமாச் செய்யணும்ல?

கடைசியா ஒரு பேப்பர் வந்துச்சு. கோகிலவாணியோடது.

அந்தப் புள்ளையைப் பத்திச் சொல்லணும். குள்ளமா இருக்கும், அதனால டிரில்லுல முன்வரிசையில மொத ஆளு. பேசாது. அதுகிட்ட ஒரே ஒரு குறை, ரைட்டு லெஃப்ட்டு தெரியாது. ஆறாம் வகுப்புலேருந்தே அப்படித்தான். ரைட் டர்ன்னு கையை நீட்டிச் சொன்னா வகுப்பே ரைட்டுல திரும்பும், இவ டக்குனு லெஃப்ட்டுல திரும்பி நிப்பா. எல்லாருக்கும் முன்னாடி திரும்பிடுவா, அதுவும் தப்பா. சில நாளு சரியாத் திரும்புவா. அதுதான் எனக்கு எரிச்சல். தெரியாம இல்ல, திமிருன்னு தோணும். கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடுன்னுடுவேன். ஒரு வார்த்தை பேசாம ஓடுவா. வாரத்துக்கு ரெண்டு பீரியடு, ரெண்டு வருசம். எவ்வளவு ஓடியிருப்பான்னு பாத்துக்குங்க. அதனாலதான் அவளுக்கு அவ்வளவு தம்மு. அதையும் சொல்லணும்ல?

அவ எழுதுன பேப்பர் என்னைக் குழாய்க்கிட்ட கொண்டுபோயி, மூடியைத் திறக்க வச்சு, தண்ணி புடிக்க வச்சு, குழாயை மூட வச்சு, கொடிக்கம்பத்துக்கே கொண்டாந்து நிறுத்திடுச்சு. குழாயை மூடுன்னு எழுதுனது அந்த ஒரே பேப்பர்தான். நஸ்ரின் வாங்கிப் படிச்சுட்டு, "இது என்ன, ஒவ்வொரு தடவையும் 'சாரோட வலது கைப் பக்கம்'னு எழுதியிருக்க? வலது பக்கம்னு சொன்னா போதாதா?"ன்னு கேட்டுச்சு. கோகிலவாணி நஸ்ரின் வாயையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "யாரோட வலதுன்னு சொல்லலன்னா எப்படிக்கா தெரியும்?"ன்னா.

ரைட்டு லெஃப்ட்டே தெரியாத புள்ளை இவ்வளவு சரியா எழுதிருச்சேன்னு எனக்கு ஆச்சரியம். அதோட விட்டுட்டேன்.

அடுத்த வாரத்துலேருந்து லேப்பு. உயிரோட இருந்த ஆறு கம்ப்யூட்டர்ல ஆறேழு பேரா உக்காந்துக்கிட்டு, கலர் கலரா கட்டைங்க மாதிரி ஸ்கிரீன்ல இருக்குமே, அதை ஒன்னுக்கு அடியில ஒன்னு கோத்து பொம்மையை நடக்க வைக்குதுங்க, பேச வைக்குதுங்க. எனக்கு அதுல ஒன்னும் ஆர்வம் கிடையாது. லேப் பொறுப்பு என்னோடதுங்கிறதால கூடவே உக்காந்திருந்தேன். ஒரு பூனையை மரத்துல ஏத்துனேன். இறக்கத்தான் வரல.

நஸ்ரின் திரும்பத் திரும்ப ஒன்னு சொல்லும். "பொம்மை தப்பாப் போனா பொம்மையைத் திட்டாதீங்க. நீங்க குடுத்த ஆர்டரை ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பாருங்க. தப்பு அங்கதான் இருக்கும்." நல்ல பேச்சுதான். கம்ப்யூட்டருக்கு சரி. புள்ளைங்களுக்கெல்லாம் அப்படிப் பாத்தா பள்ளிக்கூடம் நடத்த முடியுமான்னு நான் நெனச்சுக்குவேன். வெளிய சொல்லல.

எட்டாவது சனிக்கிழமை நிகழ்ச்சி. ஹெச்.எம். அம்மா, பெத்தவங்க எல்லாரும் வந்திருந்தாங்க. சுவத்துல வெள்ளை வேட்டி கட்டி, அதுல படம் விழுற மாதிரி ஏற்பாடு. ஒருத்தன் ஆட்டுக்குட்டி விளையாட்டு காட்டுனான், ஒருத்தி கணக்குக் கேள்வி கேக்குற கிளி செஞ்சிருந்தா. கைதட்டல் பறக்குது.

கோகிலவாணி வந்தா. படம் வந்துச்சு. பாத்தா, நான்!

ஆமா தம்பி, நானேதான். வெள்ளைச் சட்டை, கழுத்துல விசிலு, கொஞ்சம் தொப்பை. எதுக்கால பத்துப் பொம்மை வரிசையா நிக்குது. கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிக்குது. எனக்கு ஒரே பெருமை. இருவத்திமூணு வருசத்துல எவன் என்னைப் படம் போட்டான்?

விசில் அடிச்சுது. 'ரைட் டர்ன்'னு எழுத்து வந்துச்சு. அந்த நான் கொடிக்கம்பத்தைப் பாத்து, புள்ளைங்களுக்கு முதுகு காட்டி நின்னு வலது கையை நீட்டுனேன். பத்தும் ரைட்டுல திரும்புச்சு. மறுபடி விசிலு. இப்ப அந்த நான் புள்ளைங்களைப் பாத்து நின்னு, வலது கையை நீட்டுனேன். ஒம்பது பொம்மை ரைட்டுல திரும்புச்சு. முன்வரிசையில மொத பொம்மை மட்டும் லெஃப்ட்டுல திரும்புச்சு. உடனே அது தனியாப் பிரிஞ்சு, கிரவுண்டைச் சுத்தி ஓட ஆரம்பிச்சுது.

சிரிப்பு அடங்கல. நானும் சிரிச்சுக்கிட்டேதான் சத்தமாச் சொன்னேன், "ஏம்மா நஸ்ரினு, ஒரு பொம்மை தப்பாத் திரும்புது பாரு, சரி பண்ணச் சொல்லும்மா"ன்னு.

அந்தப் பொண்ணு சிரிக்கல. "பொம்மையில தப்பில்ல சார்"னுச்சு. "ஆர்டரைப் பாருங்க."

கோகிலவாணிகிட்ட மைக்கைக் குடுத்து, "அந்தப் பொம்மை ஏன் அப்படித் திரும்புதுன்னு சொல்லு"ன்னு கேட்டுச்சு. இவ மெதுவாச் சொல்றா. "இந்தப் பொம்மைக்குக் காது சரியா கேக்காது. சாரோட கையைப் பாத்துத்தான் திரும்பும். சார் நம்மளைப் பாத்து நின்னா அவரோட ரைட்டு நமக்கு லெஃப்ட்டு. அந்தப் பக்கம் பாத்து நின்னா ரெண்டும் ஒன்னு." அப்புறம், "இதைச் செய்யறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் எதுக்கு சில நாளு மட்டும் ஓடச் சொல்றாருன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல"ன்னா.

வேட்டியில அந்தப் பொம்மை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. நில்லுன்னு அதுக்கு யாரும் எழுதல போல.

அப்பவும் நான் நம்பல. நம்பலன்னா, நம்ப மனசு வரல. ஆறு பேரு பாடம் எடுக்குறாங்க அவளுக்கு. தமிழய்யா இருக்காரு, கணக்கு டீச்சர் இருக்காங்க. ஒருத்தருக்குமா தெரியாம இருக்கும்? எல்லாப் பாடத்துலயும் மொத பெஞ்சுல உக்காந்து எழுதிப்போட்டதைப் பாத்து எழுதிடுறா. அப்ப நான் மட்டும் என்ன, காது டாக்டரா?

திங்கக்கிழமை காலையில குழாய்க்கிட்ட நின்னு தட்டு கழுவிக்கிட்டிருந்தா. எனக்கு முதுகைக் காட்டி. பத்தடி தள்ளி நின்னு, "கோகிலவாணி"ன்னேன். திரும்பல. அஞ்சடி. திரும்பல. கைக்கெட்டுற தூரத்துல நின்னு, கிரவுண்டுல கூப்புடுற குரல்ல கூப்புட்டேன். அப்பத்தான் திரும்புனா. திரும்பி, "குட் மார்னிங் சார்"னா.

அன்னிக்கு எனக்கு மூணு பீரியடு இருந்துச்சு. ஒன்னும் நடத்தல. பந்தைக் குடுத்து விளையாடுங்கன்னுட்டேன்.

அவ அம்மா மரகதம், மல்லிக்காட்டுல பூப்பறிக்கிறது. ஹெச்.எம். அம்மாதான் சொல்லிவிடச் சொன்னாங்க. எனக்கு அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சு, அதனால போனேன். வெயில்ல முக்காட்டை எடுத்துட்டு நின்னு கேட்டுச்சு. "கைக்குழந்தையா இருக்கையில காதுல சீழு வடிஞ்சுச்சு சார், நின்னுபோச்சு. கூப்புட்டா திரும்ப மாட்டா. அழுத்தக்காரி, அவங்கப்பா மாதிரின்னு நெனச்சு நானும் ரெண்டு அடி வச்சிருக்கேன்"னு சொல்லி அழுவுது. நானும் அப்படித்தான் நெனச்சேன்னு சொன்னேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். மரகதத்துக்கு அங்க எந்த வரிசையில நிக்கணும்னு தெரியாது, அதனால நானும் போனேன். மூணு தடவை. வரிசை நிக்கிறது எனக்குப் பழக்கம்தான? டாக்டரம்மா ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வச்சுப் பாத்துட்டு, ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சுன்னாங்க. "இத்தனை நாளா எப்படிச் சமாளிச்சா? வாயசைவையும் கையையும் பாத்தே பாதியைப் புரிஞ்சுக்கிறா. கெட்டிக்காரப் புள்ளை"ன்னாங்க. என்னைப் பாத்து, "நீங்கதான் அப்பாவா? நல்ல நேரத்துல கண்டுபுடிச்சீங்க"ன்னாங்க. நான் வாத்தியாருன்னு மட்டும் சொன்னேன். கண்டுபுடிச்சது நான் இல்லைன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம்.

ரெண்டு மாசத்துல மிஷின் வந்துச்சு, ரெண்டு காதுக்கும். மாட்டிக்கிட்டு வந்த மொத நாளு டிரில்லு. நான் இப்பல்லாம் கொடிக்கம்பத்தைப் பாத்துத்தான் நிக்கிறது. பின்னாடி என்ன கூத்தடிக்குதுங்கன்னு தெரியாது, கழுத்து வலி வேற. அட்டென்ஷன்னேன். பின்னாடி 'ஐயோ'ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, இவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்கிறா. "சார், நீங்க தெனமும் இவ்வளவு சத்தமாவா கத்துவீங்க?"ங்குறா. வகுப்பு மொத்தமும் சிரிச்சுது. நானும்தான்.

எல்லாம் சரியாப்போச்சுன்னுதான் நெனச்சேன். ஜனவரியில குறுவட்டப் போட்டி வந்துச்சு. ஆயிரத்தஞ்சூறு மீட்டருக்கு அவ பேரை எழுதுனேன். அந்தத் தம்முக்கு ஜில்லாவுலயே எதுத்து நிக்க ஆளு கிடையாது. கூப்புட்டுச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. "வேணாம் சார்"னா.

"ஏன் புள்ள? நீ ஓடுனா கப்பு நமக்குத்தான்."

"ஓடுனது போதும் சார்."

கோவமா எல்லாம் சொல்லல தம்பி. சோறு போதும்னு சொல்லுவோம்ல, அப்படிச் சொன்னா. சொல்லிட்டு லேப்புக்குப் போயிட்டா. நான் பேரை அடிச்சுட்டேன். அந்த வார்த்தை மட்டும் போகல. சாப்புடும்போது வருது, வண்டி ஓட்டும்போது வருது. ஏதாவது அந்தப் புள்ளைகிட்ட சொல்லணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. ஒரு புள்ளைகிட்ட அப்படிப் பேசிப் பழக்கமில்ல எனக்கு. எம் மககிட்டயே பேசுனதில்ல.

உங்க ஆளுங்க போனதுக்கப்புறமும் சனிக்கிழமையில நாலஞ்சு புள்ளைங்க லேப்புக்கு வருதுங்க. சாவி என்கிட்ட இருக்கே, வந்துதான ஆகணும்? போன மாசம் ஒரு சனிக்கிழமை, இவ ஓரத்துல தனியா உக்காந்து என்னமோ கோத்துக்கிட்டிருந்தா. மத்ததுக அந்தக் கோடியில. இன்னிக்கு சொல்லிடுவோம்னு போயி, கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கமா, அவ முகத்துக்கு நேரா நின்னேன்.

சொன்னேன். பெருசா ஒன்னுமில்ல. "தப்பு ஏம்பேர்லதாம்மா. உன்னை ஓட விட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்கணும். கேக்கல." அவ்வளவுதான்.

நிமிந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்பத்தான் பாக்குறேன், ஜாமெட்ரி பாக்ஸ் திறந்து கிடக்கு, மிஷின் ரெண்டும் அதுக்குள்ள இருக்கு. லேப்ல ஃபேன் இரைச்சல், காதுக்குள்ள குடையுதுன்னு கழட்டி வச்சிருக்கா. அப்பாடான்னு இருந்துச்சு தம்பி எனக்கு, பொய் சொல்லல. சொன்ன மாதிரியும் ஆச்சு, அவ கேக்காத மாதிரியும் ஆச்சு. நல்லதாப் போச்சுன்னு திரும்பி, வாசல் வரைக்கும் வந்துட்டேன்.

"சார்"னு கூப்புட்டா.

நின்னேன்.

"நீங்க சொன்னது புரிஞ்சுது சார். வாயைத்தான பாத்துக்கிட்டிருந்தேன்"னா.

நான் கதவைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன். அவ மறுபடியும் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கிட்டா.